திகதியிட்ட தாள்கள் – 17: ஒரு புள்ளியும் எட்டு நாள் வாரமும்

இணைய நூலகம் ஒன்றில் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் தலைப்பிடுவது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பாதிதான் எழுதப்போகிறேன், மீதியைப் பழைய போயா வாரக் கதை ஒன்று விழுங்கிவிட்டது. சென்ற வாரம் பார்த்தது நினைவிருக்கும்: ‘நூலகம்’ என்ற ஈழத்து இணைய நூலகத் தளம் ஒரு சஞ்சிகைக்கு நூலக எண், வெளியீடு, சுழற்சி, இதழாசிரியர், மொழி, பக்கங்கள் என்று விபரம் பதிகிறது. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுங்கள்.

நூலகம் தளத்தில் ஒரு சஞ்சிகை இதழின் பக்கத்துக்குத் தலைப்பு இப்படி இருக்கும்: ஞானம் 2000.06 (1). சஞ்சிகையின் பெயர், ஆண்டு, ஒரு புள்ளி, இரண்டு இலக்கத்தில் மாதம், அடைப்புக்குள் இதழ் எண். நாளிதழானால் நாளும் சேரும். வீரகேசரியின் முதல் நாளை அந்த முறையில் எழுதினால் வீரகேசரி 1930.08.06. தலைப்பைப் பார்த்தவுடன் இன்ன பத்திரிகை, இன்ன நாள் என்று தெரிந்துவிடுகிறது. இதிலே எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருநாளாவது ஒரு பெட்டி பழைய சஞ்சிகையைப் பட்டியலிட உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் பதிகிறார், கொக்குவிலில் ஒருவர், இலண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர். 04/05/1978 என்று எழுதினால் வெள்ளவத்தைக்கும் இலண்டனுக்கும் அது மே 4. அமெரிக்க வழக்கத்தில் அமைத்த கணினிக்கு ஏப்ரல் 5. ரொறன்ரோவில் இரண்டு வழக்கமும் புழங்குகின்றன, அங்கே பதிகிறவரைக் கேட்டால்தான் தெரியும். 12க்கு மேற்பட்ட நாளானால் பிழை தானே காட்டிக்கொடுக்கும். மாதத்தின் முதல் 12 நாள்களுக்கு அந்தக் காவலும் இல்லை. இதற்காகத்தான் 1988இல் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் வந்தது: ஆண்டு, மாதம், நாள், நடுவில் சிறுகோடு. பெரியதிலிருந்து சிறியதற்குப் போகிற ஒழுங்கு. அப்படி எழுதினால் கணினி எழுத்து வரிசையில் அடுக்கினாலும் கால வரிசையாகவே விழும். ஒரே நிபந்தனை, மாதத்துக்கு முன்னால் பூச்சியம் வேண்டும். 1970.8 என்று பூச்சியத்தை விட்டால் அந்த ஓகஸ்ட் 1970.10க்குப் பிறகு போய் நிற்கும்.

ஆண்டை முதலில் எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. அரசாங்க வர்த்தமானியின் பக்கத் தலைப்பைப் பாருங்கள். ஆங்கிலப் பதிப்பில் நாள் முதலில் வரும், சிங்களப் பதிப்பில் ஆண்டு முதலில், அதுவும் புள்ளி வைத்து. ஒரே வர்த்தமானி, ஒரே நாள், இரண்டு ஒழுங்கு. அதைவிட அருகில் ஒரு சாட்சி இருக்கிறது, உங்கள் சட்டைப்பையில். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டுவார்கள். மார்ச் 1இல் பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. நெட்டாண்டில் பிறக்காவிட்டாலும் 061தான், ஏனென்றால் இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஐஎஸ்ஓ தரத்திலும் ஆண்டின் நாள் எண்ணை எழுதும் முறை உண்டு, ஆனால் சாதாரண ஆண்டில் அங்கே மார்ச் 1 என்றால் 060. உலகத்துக்கு ஒரு நாள் முன்னே போகிறது நம் அட்டை. இதைத் தெரியாத மென்பொருள்காரர் கொழும்பில் வங்கிக்கோ காப்புறுதிக்கோ நிரல் எழுதினால் நாட்டில் பாதிப்பேருக்குப் பிறந்தநாள் மாறிப்போகும்.

சரி, புள்ளிக்கு வருகிறேன். சர்வதேசத் தரம் சிறுகோடு போடச் சொல்லும்போது நூலகம் ஏன் புள்ளி போடுகிறது? தரம் தெரியாமல் செய்ததாகச் சிலர் நினைக்கலாம். எனக்கு அந்தப் புள்ளிதான் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

நமது சஞ்சிகைகள் எப்படி வந்தன என்று நினைத்துப் பாருங்கள். காகிதம் கிடைக்காது, விளம்பரம் வராது, அச்சகக் கடன் தீராது. ஆசிரியர் இரண்டு மாதத்தைச் சேர்த்து ஒரு இதழாகப் போட்டுவிடுவார். யூலை – ஓகஸ்ட் இரட்டை இதழ். 1971இல் வந்த அப்படிப்பட்ட ஓர் இதழைச் சிறுகோடு போட்டு எழுதினால் 1971-07-08. உலகம் முழுவதும் இதை 1971 யூலை 8 என்றுதான் வாசிக்கும். தரத்தின்படி சரியாக எழுதுவதானால் 1971-07/1971-08 என்று சாய்கோடு போடவேண்டும். சாய்கோட்டைக் கோப்புப் பெயரில் வைக்கக் கணினி விடாது. புள்ளியால் பிரித்துவிட்டால் சிறுகோடு வேறு வேலைக்கு மிச்சமாகிறது: 1971.07-08. இரண்டு மாதம் என்பது யாருக்கும் விளங்கும், வரிசையிலும் 1971.07க்கு அடுத்ததாக ஒழுங்காக நிற்கும். எங்கள் சஞ்சிகைகளின் வறுமைக்குத் தரம் வகுத்தவர்கள் ஐஎஸ்ஓ அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் இருந்ததில்லை.

இரட்டை இதழால் இன்னொரு தொல்லையும் உண்டு. இதழ் எண் 3/4 என்று விரிதாளில் தட்டிப் பாருங்கள். எக்செல் அதைத் திகதி ஆக்கிவிடும், ஏப்ரல் 3 அல்லது மார்ச் 4. மரபணு ஆய்வாளர்களே இந்த மென்பொருளிடம் தோற்றவர்கள். மார்ச், செப்டெம்பர் மாதங்களின் ஆங்கிலச் சுருக்கம்போல இருந்த மரபணுப் பெயர்களை எக்செல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். மென்பொருளைத் திருத்துவதைவிட மனித மரபணுவுக்கு வேறு பெயர் வைப்பது சுகமாக இருந்திருக்கிறது. அதே எக்செலுக்கு 1900க்கு முன்னால் நாள் என்ற ஒன்றே கிடையாது. அமெரிக்க மிசனின் உதயதாரகை பத்திரிகை வெளிவரத் தொடங்கிய 1841.01.07 அதற்கு வெறும் எழுத்துக்கூட்டம். ஈழத்துப் பத்திரிகை வரலாற்றின் முதல் அறுபது ஆண்டு அந்தத் தாளில் ஏறாது. இளம் நூலகக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: திகதியை முதலில் எழுத்தாகப் பதியுங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

மாதத்தைப் பெயரால் எழுதினால் என்ன என்று கேட்பார்கள். யூலை, ஜூலை, ஜுலை என்று ஒரே மாதம் மூன்று இடத்தில் போய் நிற்கும். நாங்கள் ஓகஸ்ட் என்போம், சென்னையில் ஆகஸ்ட். அதைவிடப் பெரிய சிக்கல் தை, மாசி. இலங்கையில் தை என்று அச்சிட்டால் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே தை. கோயில் மலர் என்றால் அதே தை பஞ்சாங்கத் தையாக, ஜனவரி நடுவில் பிறப்பதாக இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மலரும் அதே தெருவில் ஒரு கோயில் மலரும் ‘ஆவணி’ என்று போட்டிருந்தால் இரண்டும் ஒரே ஆவணியா என்று உள்ளே வாசித்துத்தான் சொல்லமுடியும். பஞ்சாங்கத்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மாதப் பிறப்பு சில வேளை ஒரு நாள் தள்ளிப்போகும். ஒவ்வொரு சித்திரையிலும் இரண்டு புண்ணிய காலத்தைப் பத்திரிகைகள் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பழைய நூல்களில் ஆண்டுக்கே பெயர்தான். அறுபது பெயர் சுற்றிச் சுற்றி வரும். ஆறுமுக நாவலர் பிறந்தது சித்திரபானு வருடம் மார்கழி 5, அதாவது 1822.12.18. மறைந்தது பிரமாதி வருடம் கார்த்திகை 21, அதாவது 1879.12.05. அறுபதின் வரிசையில் பிரமாதி 13ஆவது, சித்திரபானு 16ஆவது. பெயர்களை மட்டும் வரிசை எண்ணாக்கி ஒரு கணினியிடம் கொடுத்தால், நாவலர் பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே இறந்துவிட்டார் என்று அது சொல்லும். விரோதி என்று மட்டும் அச்சான துண்டுப்பிரசுரம் 1829, 1889, 1949 மூன்றில் எதுவும் ஆகலாம். எழுத்துருவும் தாளும் அச்சகத்தின் பெயரும்தான் தீர்க்க வேண்டும். அதுவும் ‘விரோதி தை’ என்றிருந்தால் 1889 என்று எழுதக்கூடாது, தை பிறக்கும்போது 1890 வந்துவிடும். ஹிஜ்ரி ஆண்டிட்ட அரபுத்தமிழ் நூல்களின் கதை வேறு. சித்திலெப்பை முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய 1882ஐ ஒட்டி அதைத் தனியாக எழுதுவேன்.

இப்போது இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட விசயம். அறுபதுகளின் பத்திரிகைகளுக்கு ‘சுழற்சி: வாரம் ஒருமுறை’ என்று பதிவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது: எந்த வாரம்?

1966 ஜனவரி முதல் 1971 யூலை வரை இந்தத் தீவில் ஞாயிறு விடுமுறை நாளாக இருக்கவில்லை. டட்லி சேனாநாயக்கவின் அரசு அமாவாசை, வளர்பிறை அட்டமி, பௌர்ணமி, தேய்பிறை அட்டமி என்ற நான்கு போயா நாள்களையும் விடுமுறையாக்கியது. போயாவுக்கு முந்திய நாள் பழைய சனிக்கிழமையின் இடத்தைப் பிடித்தது. சந்திர மாதம் ஏறத்தாழ 29.53 நாள். நாலால் வகுத்தால் 7.38. ஆகவே வாரம் சில நேரம் ஏழு நாள், சில நேரம் எட்டு, அபூர்வமாக ஆறு. கிழமைப் பெயர்கள் தம்பாட்டுக்கு ஓடின, விடுமுறை அவற்றோடு ஓடவில்லை. இந்த வாரம் செவ்வாயில் போயா என்றால் அடுத்தது புதனிலோ செவ்வாயிலோ. பள்ளிக்கூட நேரசூசி, கச்சேரி, வங்கி, சந்தை எல்லாம் நிலவைப் பார்த்து நடந்தன. ஞாயிறு வேலைநாளாகிவிட்டால் கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் கத்தோலிக்கர் விடியற்காலைத் திருப்பலி கண்டுவிட்டுத்தான் வேலைக்கு ஓடவேண்டும். ஐம்பதைத் தாண்டாத பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. எழுபதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள், நாளை எந்தக் கிழமை என்பதைவிட நாளை போயாவா என்பதே அப்போது கேள்வி என்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஆண்டில் 52 ஞாயிறு உண்டு, சில ஆண்டில் 53. நாலு போயாவும் சேர்த்தால் ஆண்டுக்கு 49 அல்லது 50தான் வரும். தொழிலாளிக்கு ஆண்டில் இரண்டு மூன்று ஓய்வுநாள் குறைந்துபோனது. எனக்கு அக்கறை பட்டியலில். அந்த ஐந்தரை ஆண்டில் ஒரு வார வெளியீடு ஞாயிறை விட்டுப் போயாவை ஒட்டி வந்திருந்தால், அதன் ஓராண்டு இதழ்கள் 52 இருக்காது. கணினி ஏழு நாளுக்கு ஓர் இதழ் என்று எண்ணி இரண்டு மூன்று இதழ் தொலைந்ததாகக் காட்டும். யாராவது ஓர் அப்பாவித் தன்னார்வலர் அச்சாகவே இல்லாத இதழைத் தேடி யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு என்று அலைவார். ஐஎஸ்ஓ தரத்திலும் வாரத்துக்கு எண் உண்டு, திங்களில் தொடங்கி ஏழு நாள். எட்டு நாள் வாரத்துக்கு அங்கே இடமே இல்லை.

போயா வாரம் ஏன் போனது? உலக வணிகத்தோடு ஒட்டவில்லை. இலண்டன் திறந்திருக்கும்போது கொழும்பு பூட்டியிருக்கும், கொழும்பு திறக்கும்போது இலண்டன் ஞாயிறு கொண்டாடும். தேயிலையை விற்றுப் பிழைக்கும் நாடு எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்? சிறிமாவோ ஆட்சியில் 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் சனி, ஞாயிறைத் திருப்பித் தந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாகத் தங்கிவிட்டது. நாங்கள் இன்றும் அந்த நாளில்தான் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம்.

இதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், சில நூலகவியல் நண்பர்கள் கோபித்தாலும். உலகத்தோடு பேசுவதற்கு ஒரு திகதி வேண்டும். அது ஆண்டு முதலாக, இலக்கத்தில், ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கட்டும். ஆனால் அட்டையில் அச்சானது எதுவோ, அதை எழுத்துப் பிசகாமல் பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் எழுதவேண்டும்: ‘விரோதி தை’, ‘ஆவணி’, ‘போயா தின வெளியீடு’, என்ன இருந்தாலும். ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்தக்கூடாது. நாளைக்கு யாராவது நம்மைவிடக் கெட்டிக்காரர் வந்து கணக்கை மாற்றிப் போடுவார்; அவருக்கு மூலம் வேண்டும். நாள் தெரியாவிட்டால் 01 போடும் வழக்கத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். மல்லிகை சஞ்சிகை 1966 ஓகஸ்டில் தொடங்கியது. 1966.08.01 என்று ஒரு தளம் எழுதினால் அடுத்த தளம் அதை ‘ஓகஸ்ட் 1ஆம் திகதி வெளியானது’ என்று வாக்கியமாக்கும், பிறகு ஒருவர் அதை ஆய்வேட்டில் போடுவார். 1966.08 என்று நிறுத்துவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. விக்கித்தரவு ஒவ்வொரு திகதிக்கும் அது எவ்வளவு துல்லியம் என்று ஓர் இலக்கம் சேர்த்து வைக்கிறது: நாள் என்றால் 11, மாதம் 10, ஆண்டு 9. ஐஎஸ்ஓ தரமும் 2019இல் இரண்டாம் பகுதி போட்டு, தெரியாத இலக்கத்துக்கு ஒரு குறி, சந்தேகத்துக்குக் கேள்விக்குறி, ஏறத்தாழ என்பதற்கு அலைகோடு என்று வழிவிட்டிருக்கிறது. முப்பது ஆண்டு பிந்தியாவது தெரியாது என்று எழுத இடம் கொடுத்தார்களே.

தலைப்பின் மீதிப் பாதிக்கு வந்தால், பெயர்கள்தான் சிக்கல். ஒரே பெயரில் இரண்டு சஞ்சிகை வந்தால் எதைக் கொண்டு பிரிப்பது, ஊரா ஆண்டா? ஆண்டு மலருக்கு மாதம் போடுவதா? மல்லிகை யாழ்ப்பாணத்தில் பிறந்து கொட்டாஞ்சேனை ஸ்ரீ கதிரேசன் வீதிக்குக் குடிபெயர்ந்த சஞ்சிகை. அதன் வெளியீட்டு இடம் என்று எதை எழுதுவது? பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியைச் ‘சிவத்தம்பி, கார்த்திகேசு’ என்று எழுதினால்தான் வரிசையில் நிற்கும், ஆனால் எங்கள் ஆள்கள் யாரும் அவரை அப்படித் தேடுவதில்லை. போதாக்குறைக்கு யுனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நமது நெடுங்கணக்கு வரிசை இல்லை; ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற, ர-வுக்கு அடுத்து. இவ்வளவும் அடுத்த வாரம். 1996 முதல் 2006 வரை இந்தத் தீவின் கடிகாரங்கள் மூன்று முறை மாறிய கதையையும், எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அதில் தலையிட்டதையும் அதற்கு முன் சொல்லிவிட மனம் துடிக்கிறது. பார்ப்போம்.

ஒரு வேண்டுகோள். நமது சஞ்சிகைகள் பலவற்றில் மாதமும் ஆண்டும் அட்டையில் மட்டும்தான் இருக்கும், உள்ளே எந்தப் பக்கத்திலும் இராது. ஓராண்டு இதழ்களைச் சேர்த்துப் புத்தகமாகக் கட்டுகிறவர்கள் அழகுக்காக முதலில் கழற்றி எறிவது அந்த அட்டையைத்தான். வீட்டில் பழைய இதழ்கள் இருந்து கட்டக் கொடுக்கிறீர்களானால் அட்டையோடு கட்டச் சொல்லுங்கள். முன்பே கட்டிவிட்டீர்களானால், எந்த ஆண்டு என்று நினைவிருக்கும்போதே முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள், ஆண்டை முதலில் எழுதி.